வரி கட்டாத பனி

என் தங்கை ஜெயசெல்வியின் புருஷன் ஏசுவடியானைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கு ஆறாது. நாசரேத்தில் பிறந்து, தூத்துக்குடியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்பைக் கட்டி மேய்க்கிறவள் நான். கிருபாபாய் டீச்சர் என்றால் நான் வருவதற்கு முன்பே வராந்தா அடங்கிவிடும். மடிப்புக் கலையாத சேலை, நேரத்துக்கு ஜெபம், அளந்த பேச்சு என்று இருந்த என்னை ஓயாமல் நெஞ்சில் கை வைக்கச் செய்த மனிதர் அவர்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பழமும் பூவும் கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் தனியாக ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அல்வாவாக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே தூக்கணாங்குருவிக் கூடு! நான் போட்ட கூச்சலில், கூட வந்திருந்த போதகர் ஐயர் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டார்.

"பயப்படாதீங்க மதினி, குஞ்செல்லாம் பறந்துட்டு. உள்ள கைய விட்டுப் பாருங்க, ஈர மண்ண அப்பி வச்சிருக்கும். காத்துல கூடு ரொம்ப ஆடிறக் கூடாதுல்லா, அதுக்குத்தான்."

நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மதினி! இந்த ஆள் வேண்டவே வேண்டாம் என்று கதவோரம் நின்ற தங்கைக்குக் கண்ணைக் காட்டினேன். அவளோ கூட்டை வாங்கி, அதற்குள் விரலை விட்டு மண்ணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. இனி நான் என்ன சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்துவிட்டது.

அவருக்கு உப்பு இலாகாவில் காவலர் வேலை. அது யுத்த காலம். அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு வரிசை, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம். அந்த நாளில் சர்க்கார் சம்பளமும், உப்பளத்தை ஒட்டி இலாகா கொடுத்த ஓட்டு வீடும் சின்ன விஷயமா? அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது உப்புக்கு வரி உண்டு. வரி கட்டாமல் ஒரு பிடி உப்புகூட அளத்தை விட்டு வெளியே போகக் கூடாது. வேலை முடிந்து போகிற பெண்கள் சாயங்காலம் வாசலில் நின்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உதறச் சொல்கிற ஆள் என் தங்கை புருஷன். அந்த வேலையில் அவர் ஒரு குறை வைக்கவில்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கூடவே என்னென்ன கூத்து! ஆட்காட்டிக் குருவி ஒன்று உப்பள வரப்பிலேயே முட்டை இட்டுவிட்டது என்று, சுற்றிக் குச்சி நட்டு, சர்க்கார் சிவப்புக் கொடியைக் கிழித்துக் கட்டி, தலையில் உப்புக் கடகப் பெட்டியோடு வருகிற அத்தனை பேரையும் அடுத்த வரப்பு வழியாகச் சுற்றிப் போக வைத்தார். சர்க்கார் கொடியை! உப்புச் சுமந்த பெண்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்களாம். குஞ்சு பொரித்த அன்றைக்கு முதலில் ஓடிப் போய்ப் பார்த்ததும் அவர்கள்தானாம்.

இன்னொரு நாள், "மதினி, ஒங்க பள்ளிக்கூடத்தக் காட்டுதேன், வாங்க" என்று என்னையும் ஜெயசெல்வியையும் ஓடைச் சேற்றுக்கு அழைத்துக்கொண்டு போனார். சேறெல்லாம் சின்னச் சின்ன நண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை மட்டும் உடம்பை விடப் பெரிது. அந்தக் கையை மேலே தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா? எல்லாப் பிள்ளைக்கும் விடை தெரியும். டீச்சர்தான் யாரையும் கேக்க மாட்டேங்காங்க."

என் வகுப்பை நண்டு என்று என் முகத்துக்கு நேரே சொல்கிற துணிச்சல் இந்த ஊரில் வேறு எவருக்கு உண்டு? நான் சிரிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரும்பினேன். திங்கட்கிழமை கணக்குப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டேன். பிள்ளைகள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். எனக்கு வந்த சிரிப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி வெகுநேரம் நிற்க வேண்டியதாகிவிட்டது.

ஜெயசெல்வி உண்டானாள். மற்றப் பெண்களுக்கு மசக்கையில் மாங்காய் கேட்கும், சாம்பல் கேட்கும். இவளுக்கு வந்த ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாசரேத்தில் படிக்கும்போது மிஷன் துரைசானியம்மா அவளுக்குக் கொடுத்த கிறிஸ்துமஸ் அட்டை ஒன்று உண்டு. அதில் ஒரு மரம், அடி முதல் நுனி வரை பனி மூடி வெள்ளையாக நிற்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, "யக்கா, நெசமாவே மரம் இப்படி வெள்ள வெளேர்னு ஆகுமா? ஒரு தடவயாவது பாக்கணும்போல இருக்கு" என்றாள்.

"பனியெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல. ஒனக்கும் எனக்கும் வேர்வதான் எழுதியிருக்கு. எழுந்து கஞ்சியக் குடி" என்றேன்.

ஏசுவடியான் அப்போது ஒன்றும் பேசவில்லை. அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேசிக்கொண்டே இருக்கிற மனிதர் பேசாமல் இருந்தால் நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புரட்டாசி கடைசி. உப்பளத்தில் அந்த வருஷத்து வேலை முடிகிற சமயம். பள்ளிக்கூடம் விட்டு நான் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழி உப்பளத்து வாசலைத் தாண்டித்தான் போகும். பெண்கள் வரிசையாக நின்று முந்தானையை உதறிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வாசலில் முறைக்காவல் நயினார். ஏசுவடியானோடு கூட வேலை செய்கிறவர், நல்ல மனிதர். அப்போது அளத்துக்குள்ளிருந்து எங்கள் மாப்பிள்ளை தோளில் எதையோ சாய்த்துக்கொண்டு வந்தார். உதறிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன.

அது ஓர் உடைமரக் கிளை. நம் பொட்டலில் ஆடு கூட யோசித்துக் கடிக்கிற அதே முள்ளுக் கிளைதான். ஆனால் அதில் பச்சை இல்லை, பட்டை இல்லை, முள்ளும் இல்லை. எல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த வெள்ளை அல்ல. ஒவ்வொரு முள்ளையும் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களாக உப்பு வளர்ந்து, நுனிக்குப் போகப் போகப் பொடிந்து, கல்கண்டைக் கிளையாக வளர்த்த மாதிரி இருந்தது. மேற்கே இறங்கிய வெயில் அதற்குள் புகுந்து மஞ்சளாகவும் சிவப்பாகவும் உடைந்து வெளியே வந்தது. அவர் ஓர் எட்டு எடுத்து வைத்ததும் கிளை முழுவதும் ஒரு தடவை மினுங்கி அடங்கியது. கையில் இருந்த குடை எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது.

பெண்கள் வரிசையை விட்டுக் கூடிவிட்டார்கள். பாளம் பாளமாக வெடித்த காலோடு நின்ற ஒருத்தி, "ஏளா, நம்ம கால அறுக்குத உப்பா இது?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

நயினார்தான் முதலில் தெளிந்தார். "ஏலே ஏசு, என்னலே இது?"

"கிறிஸ்துமஸ் மரம். பனி விழுந்த மரம் பாக்கணும்னு வீட்ல ஆசப்பட்டா. கழிச்சுப் போட்ட பாத்தித் தண்ணில முக்கி வச்சேன். தெனம் திருப்பித் திருப்பி விட்டேன். எப்படி இருக்கு?"

"நல்லாத்தாம்லே இருக்கு. வெள்ளையா இருக்கே, அது என்னது?"

"அதுவா…" என்று தோளிலிருந்து கிளையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்த முகம் அப்படியே வெளுத்துவிட்டது. "உப்பு" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை அவருக்கு அது உப்பு என்ற நினைப்பே இல்லை. நாள் முழுதும் உப்பையே காவல் காக்கிறவர், ஊரார் முந்தானையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிடச் சொல்கிறவர், ஒரு மரம் நிறைய உப்பைத் தோளில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் கண் முன்னால், வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டே வருகிறார்! இப்படி ஒரு திருட்டை உலகத்தில் எவனாவது செய்திருப்பானா?

நயினார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். அத்தனை பேரும் இப்போதுதான் உதறிக் காட்டியவர்கள். இவரை விட்டால் நாளைக்கு யாரிடம் உதறு என்று சொல்ல முடியும்? "என்ன மன்னிச்சிருலே" என்று கிளையைக் கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கி, சாக்கைப் போட்டு மூடி, இலாகா அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே அதிகாரி சிவனணைந்தபெருமாள் பிள்ளை வெளியூர் முகாம் போயிருந்தார். அவர் வரும்வரை சாக்கோடு ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். எங்கள் மாப்பிள்ளையை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அன்று அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. "ஒமக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா மாப்பிள? இவ பிள்ளத்தாச்சியா இருக்கும்போது வேலையும் வீடும் போனா எங்கன போய் நிப்பீரு?" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடிவில், "நீங்க பாத்தீங்கல்லா மதினி? வெயில் பட்டப்ப பாத்தீங்கல்லா?" என்றார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

ஜெயசெல்வி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "வேல போயிருமா யக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். போனால், மழைக்காலத்தில், வயிற்றுப் பிள்ளையோடு சாத்தான்குளத்தில் மாமியார் வீட்டுக்குப் போய் ஒண்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே பஞ்சம். அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் அதிகாரி முகாமிலிருந்து திரும்பினார். விசாரணையில் நானும் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆள் வந்தது. பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுப் பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவள், முழங்கால் போட்டு, நான் சொல்லப் போகிற பொய்க்கு முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன். கர்த்தருக்கும் என் தங்கையின் வயிறு தெரியும் அல்லவா?

சிவனணைந்தபெருமாள் பிள்ளை மூக்குக் கண்ணாடியும் விபூதியுமாக இருந்தார். கடுமையான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தால் தூக்கம் கெட்ட மனிதர் போலத்தான் தெரிந்தது. முதலில் நயினாரை விசாரித்தார்.

"கிளைல உப்பு இருந்துதா?"

"எனக்குக் கண்ணு அவ்வளவு தெளிவு இல்ல, ஐயா. வெயிலு வேற கூசிச்சு."

"கண்ணு தெரியாமலா வாசல்ல காவல் நிக்கீரு?"

நயினார் கூரையைப் பார்த்தார். "சரி, அந்தக் கிளையைக் கொண்டு வாரும்" என்று அதிகாரி சாவியைக் கொடுத்தார்.

சாக்கு மூட்டை வந்தது. தூக்கி வந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மேசை மேல் வைத்துச் சாக்கை எடுத்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

உப்பு இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து அத்தனையும் கரைந்து ஓடியிருந்தது. மேசை மேல் கிடந்தது, கறுத்து, ஈரத்தில் நைந்த வெறும் உடைமரக் கிளை. முள்ளெல்லாம் பழையபடி வெளியே வந்திருந்தது. பிடிபடாமலே இருந்திருந்தாலும் அது கிறிஸ்துமஸ் வரைக்கும் நின்றிருக்காது. காற்றில் ஈரமே அறியாத சாத்தான்குளத்துப் பொட்டலில் வளர்ந்தவருக்கு அது தோன்றவில்லை.

அதிகாரியின் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். அவரும் பிள்ளை குட்டிக்காரர்தானே. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏசுவடியான், நல்லாக் கேளும்வே. முள்ளுக் கிளைய வெளிய எடுத்துட்டுப் போறதுக்கு சர்க்கார்ல தடை ஒண்ணும் கிடையாது. இதுல உப்பு இருக்குதா? இல்ல. இது வெறும் கிளை. ஆமான்னு சொல்லிட்டு நாளைக்கு வேலைக்கு வந்து சேரும்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பொய்கூடச் சொல்ல வேண்டாம். கர்த்தர் மழையை அனுப்பி எல்லாவற்றையும் கழுவிவிட்டார் என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஏசுவடியான் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது. வேலை கிடைத்த சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

"வெறும் கிளை இல்ல, ஐயா" என்றார்.

"என்னவே?"

"இதுல உப்பு இருந்துது. நுனி வரைக்கும் இருந்துது. ஒவ்வொரு முள்ளுக்கும் இருந்துது. ஒண்ணுமே இல்லன்னு மட்டும் எழுதிராதீங்க, ஐயா."

நயினார் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் கேட்டார்.

"டீச்சரம்மா, இவருக்கு என்னமோ மனசு சரியில்ல போல. நீங்க படிச்சவங்க. அன்னைக்கு வாசல்ல நின்னீங்க. கிளைல ஒண்ணும் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் எழுதி முடிச்சிருவேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒண்ணுமில்ல" என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. தங்கையின் ஒட்டிய கன்னம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்த நேரம் பார்த்து மேசை மேல் கிடந்த கிளை என் கண்ணில் பட்டது. அதை வெயிலில் பார்த்தவள் நான். குடை விழுந்தது தெரியாமல் நின்றவள் நான்.

"இருந்துது, ஐயா" என்றேன். "என் ஆயுசுல அப்படி ஒண்ண நான் பாத்ததில்ல."

சொன்னது என் குரல்தானா என்று எனக்கே திடுக்கிட்டது. அறையில் வேறு யாராவது பெண்பிள்ளை இருக்கிறாளா என்றுகூடத் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நன்றியைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை. சிவனணைந்தபெருமாள் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார். வேறு வழி இல்லாமல் எழுதினார். வேலை போயிற்று. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வெளியே ஜெயசெல்வி பூவரசு மரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டாள். நான் மறைக்கவில்லை. உப்பு கரைந்து போனது, அதிகாரி காப்பாற்றப் பார்த்தது, இவர் சொன்னது, பிறகு நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றுவாள், என்னோடு இனிப் பேச மாட்டாள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயுமா யக்கா அப்படிச் சொன்ன?"

"ஆமா."

"அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். அந்த வெயிலை, முள் நுனியில் இருந்த பொடி உப்பை, அவர் நடந்தபோது மினுங்கினதை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வருஷக்கணக்காகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு வார்த்தை வரவில்லை. நான் விட்ட இடத்தில் அவர் எடுத்துச் சொன்னார், அவர் விட்ட இடத்தில் நான் சொன்னேன். ஜெயசெல்வி குடைக்குள் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று அவள் வாய் கோணியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உப்பளத்துக்காரிக எல்லாரும் பாத்திருக்காளுவ, நயினாரண்ணாச்சி பாத்திருக்காரு, நீ பாத்திருக்க. எனக்குன்னு செஞ்சத நான் ஒருத்திதான யக்கா பாக்கல."